பூஜை மாடத்தில் ஒரு கருப்பு வெள்ளைப் படம்

ஒரகடத்தில் கார் செய்கிற கம்பெனி ஒன்றில், பெயின்ட் அடித்து வரும் வண்டிகளை விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்து, இங்கே தூசி, அங்கே வழிசல் என்று மார்க்கரால் வட்டம் போடுவதுதான் பேச்சிராஜுக்கு வேலை. வருகிற வண்டி சிவப்பாக இருக்கும். அடுத்தது நீலம். அதற்கடுத்தது யாரோ பெயர் வைத்த ஏதோ ஒரு காப்பிப்பொடி நிறம். ஷிப்ட் முழுக்க நிறம், நிறம், நிறம். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணை மூடினாலும் உள்ளே அதுவே ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவனுக்குக் கருப்பு வெள்ளை பிலிம் மேல் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தப் பைத்தியத்தைக் கொண்டுபோய்க் கூடப்பிறந்தவள் தலையில் கட்டினானே, அதுதான் இன்றைக்கும் ஆறாமல் கிடக்கிறது.

சங்கரன்கோவில் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ. முடித்த கையோடு வந்தவன், வடக்குப்பட்டில் ஒரு போர்ஷனில் ஊர்க்காரப் பையன்களோடு தங்கியிருக்கிறான். முப்பது தாண்டிவிட்டது. அப்பா இல்லை. அம்மா ஊரில். தங்கை முத்துச்செல்வி இதே ரோட்டில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். அண்ணனும் தங்கையும் ஒரே ரோட்டில் இருக்கிறார்கள் என்றுதான் பெயர். ஷிப்ட் ஒத்து வந்தால்தான் முகம் பார்த்துக்கொள்ள முடியும்.

கேமரா அவனிடம் வந்து சேர்ந்தது தற்செயல். பாங்க் பாஸ்புக்குக்குப் போட்டோ எடுக்க ஸ்ரீபெரும்புதூரில் முனிரத்தினத்தின் ஸ்டுடியோவுக்குப் போனபோது, ஷோகேசில் பிளாஸ்டிக் பூங்கொத்துக்குப் பக்கத்தில் அழகுக்காக ஒரு பழைய பிலிம் கேமரா வைத்திருந்தார்கள். கையில் எடுத்து பட்டனை அழுத்தினான். டக் என்று ஒரு சத்தம். உள்ளே ஏதோ ஒன்று நிஜமாகவே திறந்து மூடியது கையில் தெரிந்தது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டான்.

"இத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போற? உள்ள போட்ற ரோலே இப்ப எங்க கெடைக்கும்னு தெரியல" என்றார் முனிரத்தினம்.

கிடைத்தது. சென்னையில் பிலிம் பித்தர்களின் வாட்ஸாப் குழு ஒன்று இருந்தது, பாதிப்பேர் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். ரோல் எங்கே வாங்குவது, மருந்து எப்படிக் கலப்பது, எல்லாம் அதிலேயே வந்தது. மிச்சத்தை யூடியூப் சொல்லிக் கொடுத்தது.

பிலிம் கழுவுவதற்குப் போர்ஷனின் பொதுக் குளியலறைதான் இடம். கருப்புத் துணிப்பைக்குள் இரண்டு கைகளையும் விட்டு, கண்ணுக்குத் தெரியாமல் தடவித் தடவி ரோலைச் சுருளில் ஏற்றி டப்பாவுக்குள் அடைக்க வேண்டும். பிறகு டெவலப்பர், தண்ணீர், பிக்ஸர், மறுபடி தண்ணீர். மருந்து சூடாகிவிட்டால் படம் பாழ். நம் ஊர் வெயிலுக்கு அது சூடாகாமல் என்ன செய்யும்? ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து பக்கெட்டில் போட்டு, அதற்குள் டப்பாவை உட்கார வைத்துக் காவல் காப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே லுங்கியும் சோப்புமாக ஒரு கூட்டம் நிற்கும்.

"ஏல, உள்ள என்ன சாமி கும்பிடுதியா? வெளிய வால! அவசரம்" என்று கதவை இடிப்பான் நெல்லையப்பன். ஊரிலிருந்தே கூட வந்தவன். ஆகவே திட்டுவதற்கு உரிமை உள்ளவன்.

"இன்னும் பிக்ஸர் ஊத்தல. பொறுல."

"ஒன் பிக்ஸர்ல தீய வைக்க."

இதில் அப்படி என்ன சுகம் என்று கேட்டால் அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அவன் போனில் ஆயிரக்கணக்கில் படங்கள் கிடந்தன. ஒன்றையும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. பிலிமில் எடுத்தால் எடுத்த உடனே பார்க்க முடியாது. எடுத்தது நன்றாக வந்ததா, வீணாய்ப் போனதா என்று தெரியாமலே ஒரு வாரம் திரிய வேண்டும். அந்த வாரம் முழுக்க, கார் மேல் தூசி தேடிக்கொண்டிருக்கும்போதும், மனசின் ஓரத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்துகொண்டே இருக்கும். மாதச் சம்பளக்காரன் வாழ்க்கையில் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று தெரியாத விஷயம் வேறு என்ன இருக்கிறது? இன்ன ஷிப்ட், இன்ன பஸ், இன்ன மெஸ் சாப்பாடு என்று எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவைதான்.

பிறகு அந்தப் படங்கள். நிறத்தை எடுத்துவிட்டால் மனுஷ முகம் மட்டும் மிச்சம் நிற்கிறது என்பது அவன் கண்டுபிடிப்பு. நெல்லையப்பன் டீ குடிக்கிற ஒரு படத்தில், எந்நேரமும் கிண்டல் பேசுகிற அந்தப் பயலுக்குள் இப்படி ஒரு சோர்வா என்று பேச்சிராஜுக்கே சங்கடமாகிப் போனது. இந்த ஆசை பொய்யில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு கெடுதல் செய்திருக்காது.

முத்துச்செல்விக்கு அவள் லைன் சூப்பர்வைசர் அஸ்வினைப் பிடித்துப்போயிருந்தது. அவனுக்கும் அப்படியே. ஸ்ரீபெரும்புதூரிலேயே பெருமாள் கோயிலுக்குப் பின்னால் அவர்கள் வீடு. அப்பா ஏகாம்பரநாதன் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சிரித்த முகம். அம்மா சாரதா அந்த வீட்டை நடத்துகிறவர். சாதி வேறு, ஊர் வேறு, பேச்சு வேறு. ஒரு வருடத்துக்கு மேல் அஸ்வின் வீட்டில் சாப்பிடாமல் இருந்து, பேசாமல் இருந்து, கடைசியில் சாரதா ஒரு படி இறங்கி வந்தார். பெண்ணின் ஜாதகமும் ஒரு போட்டோவும் வரட்டும். பூஜை மாடத்தில் வைத்து ஒரு வாரம் பார்ப்போம். அந்த வாரத்தில் வீட்டில் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை என்றால் மேற்கொண்டு பேசலாம். அவர்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். சாரதாவையே அப்படி வைத்துப் பார்த்துத்தான் எடுத்தார்களாம்.

ஊரில் அம்மா போனிலேயே அழுதாள். "நீ பாத்து முடிச்சிரு ராசா. எனக்கு அங்கன யாரத் தெரியும்? அப்பா எடத்துல நீதான் நிக்கணும்."

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் மூன்று பேருமாகக் குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போய்வந்திருந்தார்கள். முத்துச்செல்வி, ஹாஸ்டல் தோழி சந்திரலேகா, கழுத்தில் கேமராவோடு பேச்சிராஜ். அஸ்வின் வீட்டுக்குக் கொடுக்கப்போகிற போட்டோவுக்காகவே முத்துச்செல்வி அரக்குப் பட்டு கட்டி, கனகாம்பரம் வைத்து, நெற்றியில் பளிச்சென்று குங்குமம் இட்டிருந்தாள். சந்திரலேகா போனில் நிற்க வைத்தும் உட்கார வைத்தும் ஏகப்பட்ட படம் எடுத்துத் தள்ளினாள். எல்லாம் முடிந்து களைத்துப் போய் முத்துச்செல்வி ஒரு படியில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு படி கீழே நின்று பேச்சிராஜ் "ஏட்டி செல்வி" என்றான். அவள் திரும்பினாள். டக்.

சந்திரலேகா எடுத்ததில் ஒன்றைத்தான் முத்துச்செல்வி தேர்ந்தெடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். கூடவே போனும் செய்தாள்.

"அண்ணே, இத பெருசா பிரிண்ட் போட்டு ஜாதகத்தோட குடுத்துரு. அவிய அம்மைக்கு மஞ்சளும் குங்குமமுமா இருந்தாத்தான் பிடிக்குமாம். அஸ்வின் சொன்னாவ."

"நான் எடுத்தது இன்னும் கழுவலட்டி. அதயும் பாத்துட்டு..."

"ஒன் கலையெல்லாம் பொறவு பாத்துக்கலாம். இதக் குடு. மறந்துறாத."

"சரிட்டி" என்றான். சொன்னபோது மனசறிந்துதான் சொன்னான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ரோலைக் கழுவினான். முனிரத்தினத்தின் ஸ்டுடியோவில், பழைய சாமான்கள் போட்டிருந்த பின்னறையில், பிலிமில் இருப்பதைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கிற என்லார்ஜர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. துடைத்துச் சரிசெய்து, வாரம் ஒருநாள் அங்கே சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு பிரிண்ட் எடுக்க அவர் விட்டிருந்தார். வெள்ளைக் காகிதத்தை மருந்துத் தட்டில் போட்டு மெல்ல ஆட்டினான். முதலில் நெற்றிப் பொட்டு கருத்து வந்தது. பிறகு கூந்தல், புடவை, கண்கள். கடைசியாகக் கன்னமும் உதடும்.

பேச்சிராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். இத்தனை நாள் எடுத்ததெல்லாம் இந்த ஒரு படத்துக்கு முன்னால் கால்தூசி பெறாது என்று தோன்றியது. அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு வரப்போகிற முகம். களைப்பு இருந்தது, பயம் கொஞ்சம் இருந்தது, அதையும் மீறி ஒரு தெளிவு. அதில் இருந்தது மணப்பெண் இல்லை, கம்பெனித் தொழிலாளி இல்லை, அவன் தங்கை. நிஜமாகவே அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. வெளியே வந்து முனிரத்தினத்திடம் காட்டினான்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சோக்கா கீதுப்பா. கை தேறிட்ட."

"இதத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன்."

அவர் படத்தைக் கீழே வைத்துவிட்டார். "வாணாம்."

"ஏன் சார்?"

"எங்கைல கருப்பு வெள்ளை கேட்டு எதுக்கு வர்றாங்கன்னு தெரியுமா? காரியத்துக்கு. மாலை போட்டு மாட்றதுக்கு. நல்ல காரியத்துக்கு யாராவது இத்தக் குடுப்பாங்களா? தங்கச்சி அனுப்பிச்சிதே கலர்ல, அத்தக் குடு. இத்த உன் ரூம்ல மாட்டிக்கோ."

அவரே கலர்ப் படத்தையும் பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்துக் கொடுத்தார். இந்த அளவுக்கு ஒரு மனுஷர் எடுத்துச் சொல்லியும் கேட்காதவனை என்ன செய்வது?

வடக்குப்பட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு படங்களையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனான். கலர்ப் படத்தில் போனே முகத்தை வெளுத்துவிட்டிருந்தது. கன்னத்தில் இருக்கிற சின்னத் தழும்பு காணாமல் போயிருந்தது. கண்ணைப் பெரிதாக்கியிருந்தது. யாரோ ஒரு பெண், பட்டுப்புடவைக் கடை விளம்பரத்துக்கு நிற்கிற மாதிரி. இதைப் பார்த்தா என் தங்கையை எடை போடுவார்கள் என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அம்மாவும் மனுஷிதானே, இந்த முகத்தைப் பார்த்தால் மனசு இளகாமலா போகும் என்று நினைத்தான். அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இது. உண்மை வேறு. தான் எடுத்த படம் ஒரு வீட்டின் பூஜை மாடத்தில் ஒரு வாரம் இருக்கப்போகிறது, அதை நாலு பேர் பார்க்கப்போகிறார்கள் என்கிற எண்ணமே அவனைத் தலைகால் புரியாமல் ஆக்கியிருந்தது. இறங்குகிற நிறுத்தம் வருவதற்குள் கலர்ப் படம் பைக்குள் போய்விட்டது. ஜாதகத்தோடு கவருக்குள் போனது கருப்பு வெள்ளை.

மறுநாள் அஸ்வின் வீட்டுக்குப் போனபோது ஏகாம்பரநாதன் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். காப்பி வந்தது. சாரதா கவரை வாங்கி ஜாதகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படத்தை எடுத்துப் பார்த்தவர், வேறு படம் இருக்கிறதா என்று கவருக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"கலர்ல இல்லியா தம்பி?"

"இது நானே பிலிம்ல எடுத்ததும்மா. கையாலேயே பிரிண்ட் போட்டது. இதுதான் அவளோட நெஜமான முகம்."

"ஓ" என்றார் சாரதா. அதற்கு மேல் விருந்தாளியிடம் என்ன சொல்ல முடியும்? படத்தை மாடத்தில் அம்மன் விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். பேச்சிராஜின் கண் மாடத்துக்குப் பக்கவாட்டில் இருந்த ஜன்னலுக்குப் போயிற்று. அங்கிருந்து விழுகிற வெளிச்சம் படத்தின் மேல் எவ்வளவு பாந்தமாக விழுகிறது என்று பார்த்துப் பூரித்துப் போனான். மாடத்துக்கு நேர் மேலே மாட்டியிருந்த இரண்டு படங்களை அவன் பார்க்கவில்லை. சாரதாவின் மாமனார், மாமியார். இரண்டும் கருப்பு வெள்ளை. கண்ணாடி மேல் வைத்த குங்குமமும் பிளாஸ்டிக் மாலையுமாக அவர்கள் மேலே, முத்துச்செல்வி கீழே. கார் மேல் கடுகளவு தூசியைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

நாலைந்து நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஏகாம்பரநாதன் ஸ்கூட்டரில் போகும்போது ரோட்டோரம் கொட்டியிருந்த எம்-சாண்ட் மணலில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு விட்டுப்போனது. கண்டெய்னர் லாரியும் டிப்பருமாக ஓடுகிற அந்த ரோட்டில் தினம் யாராவது ஒருவர் அப்படி விழத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் அந்த வாரம் வேறு வாரம்.

அஸ்வின்தான் பேச்சிராஜுக்குச் சேதி சொன்னான். அன்றைக்கே லீவு போட்டுவிட்டு, பைக்குள் கிடந்த கலர்ப் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். ஏகாம்பரநாதன் கட்டுப்போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் வண்டிய ஒழுங்கா ஓட்டல. இதுக்குப் போயி..." என்று அவர் ஆரம்பித்தார். சாரதா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பேச்சிராஜ் கலர்ப் படத்தை நீட்டினான். "அம்மா, அவ குடுக்கச் சொன்னது இதத்தாம்மா. நான்தான் மாத்திட்டேன். தப்பு என் மேல. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

சாரதா வாங்கிப் பார்த்தார். அரக்குப் புடவை, கனகாம்பரம், குங்குமம். அவர் முகம் நிஜமாகவே ஒரு கணம் மலர்ந்தது. "லட்சுமி மாதிரி கீறாளே. இத்த மொதல்லயே குடுத்திருக்கக் கூடாதா தம்பி?"

"இப்ப வெச்சுப் பாருங்கம்மா. இன்னொரு வாரம்..."

"படத்த மாத்தலாம். நடந்தத மாத்த முடியுமா?" அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "உங்க தங்கச்சி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. எம் புள்ளைக்காக மனச மாத்திக்கினுதான் இருந்தேன். சாயங்காலம் வெளக்கேத்திட்டு மேல எங்க மாமனார், மாமியாருக்குப் பொட்டு வெப்பேன். அப்புறம் கீழ பாத்தா இந்தப் பொண்ணு. கருப்புப் பொட்டு, கருப்புப் புடவை. சரி, நம்ம வூட்டுக்கு வரப்போற பொண்ணுதானேன்னு ஒரு முழம் பூவ வெக்கப் போனேன். கை வரல தம்பி. பூவ வெச்சா அது இன்னா படமா ஆயிடும், நீங்களே சொல்லுங்க. அடுத்த நாளு இவரு விழுந்துட்டாரு."

பேச்சிராஜ் அப்போதுதான் தலையை நிமிர்த்தி மேலே இருந்த படங்களைப் பார்த்தான். அந்த அம்மாவை மூடநம்பிக்கை பிடித்தவர் என்று திட்டித் தீர்த்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நெல்லையப்பன் அப்படித்தான் திட்டினான். இவனால் முடியவில்லை. தினமும் அதை நின்று பார்த்தவர் அவர்தானே. சாரதா ஜாதகத்தையும் இரண்டு படங்களையும் ஒரே கவரில் போட்டு, மேலே கொஞ்சம் மஞ்சள் தடவித் திருப்பிக் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார்.

அஸ்வின் நல்ல பையன். அம்மாவிடம் பேசுகிறேன் என்றான், கொஞ்ச நாள் போகட்டும் என்றான், அப்பாவுக்குக் கால் சரியாகட்டும் என்றான். கால் சரியானது. கம்பெனி அவனை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றியது. போகிற அன்று கேன்டீனில் வைத்து முத்துச்செல்வியிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, போட்டோ விஷயத்தையும் சொன்னான். அதுவரை அவளுக்கு அது தெரியாது. ஏகாம்பரநாதன் விழுந்ததால்தான் நின்றுபோனது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பேச்சிராஜ் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தள்ளிப்போட்டு வந்தவன். அதிலும் முந்திக்கொள்ளத் துப்பில்லை.

அவள் போன் செய்து கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு ஓ.டி. இருந்தது. ஓ.டி. இல்லாத ஞாயிறுகளில் தலைவலி இருந்தது.

கேமராவைப் பழைய லுங்கியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டான். மருந்து பாட்டில்களைச் சாக்கடையில் கொட்டினான். இனி அதைத் தொட்டால் நான் மனுஷனே இல்லை என்று நெல்லையப்பனிடம் சொன்னான். நெல்லையப்பனும் நம்பினான். இரண்டு மாதம் தாங்கியது. ஒருநாள் முதல் ஷிப்டுக்குப் போகையில், பனிமூட்டத்தில் பஸ்கள் வரிசையாக நிற்க, ஜன்னல்களில் தூங்கி வழிகிற முகங்கள் தெரிந்தன. அவன் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று, அங்கே இல்லாத கேமராவைத் தேடி. அந்த வாரமே பெட்டியைத் திறந்துவிட்டான். வெட்கம் கெட்டவன் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளலாம். ஆசை குறையவில்லை, அதுதான் அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஒவ்வொரு தடவை பட்டனை அழுத்தும்போதும் ஒரு குத்தல் குத்தும். குத்திக்கொண்டேதான் அழுத்துவான்.

ஆடி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் முத்துச்செல்வி வடக்குப்பட்டுக்கு வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். நெல்லையப்பன் நிலைமை புரிந்து, டீ வாங்கப் போகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நழுவினான்.

"அம்மை ஒரு எடம் பாத்திருக்கா. சிவகிரிக்காரவ. மாப்பிள்ளை திருப்பூர்ல இருக்காராம்" என்றாள். செருப்பைக் கழற்றியவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். "போட்டோ கேக்காவ. போன்லதான். நீ எடுத்துத் தா."

"நானா?"

"சந்திரலேகா வேலைய விட்டுட்டு ஊருக்குப் போய்ட்டா. வேற யாரு இருக்கா எனக்கு?"

"செல்வி, நான் செஞ்சது..."

"அந்தப் படத்தக் காட்டு."

"எதுக்குட்டி இப்ப?"

"எல்லாரும் பாத்தாச்சு. நான்தான் பாக்கல. காட்டு."

கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மஞ்சள் கறை ஓரத்தில் அப்படியே இருந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கிழித்துப் போடுவாள் என்று நினைத்தான். கிழித்தால்கூட நல்லதுதான் என்றிருந்தது அவனுக்கு.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவன் படத்தை வாங்கக் கை நீட்டினான், அவள் விடவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதேன். இவ்வளவு அழகா நான் எந்தப் போட்டோவுலயும் இல்ல. அதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சலா இருக்கு." படத்தை அவன் பக்கம் திருப்பினாள். "இதுல நான் எங்க பாக்கேன், தெரியுதா?"

"கேமராவ..."

"கேமராவ இல்ல. ஒன்னத்தான் பாக்கேன். எங்க அண்ணன் பாத்துக்கிடுவான், இனி எனக்கென்னன்னு பாக்கேன். அது ஒனக்குத் தெரியவே இல்ல, பாரு. வெளிச்சம்தான் தெரிஞ்சிருக்கு."

பேச்சிராஜ் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை. அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்து, பையிலிருந்து சாந்துப்பொட்டு எடுத்து வைத்துக்கொண்டாள். தன் போனை அவன் கையில் கொடுத்துவிட்டு, காரை பெயராத சுவராகப் பார்த்து நின்றாள்.

"சீக்கிரம் எடு. மூணு மணிக்கு பஸ்."

அவன் எடுத்தான். மஞ்சள் சுடிதார், சிவப்புப் பொட்டு, பின்னால் பச்சைச் சுவர். எல்லாம் பளிச்சென்று விழுந்தது.

"நல்லா வந்துருக்கா?" என்றாள்.

"வந்துருக்கு" என்றான்.

அவள் போனை வாங்கி அந்த இடத்திலேயே அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். நெல்லையப்பன் வாங்கி வந்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போனாள். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. அதில் அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.